பொம்பளைப் புட்டி

பஸ்ரா
21 அக்டோபர் 1928

அன்புள்ள அஸீஸா அக்காவுக்கு,

உனக்கு வரும் நோவுக்கெல்லாம் பதிலாக நான் இருக்கட்டும். நானும் அவரும் இங்கே சுகம். பாக்தாதில் குளிர் தொடங்கிவிட்டதா? உன் வீட்டுக்காரர் போனதிலிருந்து நீ ஒரு வேளைதான் சாப்பிடுகிறாய் என்று கேள்விப்பட்டேன். துக்கம் துக்கம்தான், அதற்காக வயிற்றைக் காயப்போடாதே.

ஒரு சேதி. இத்தனை வருஷம் கழித்து எனக்கு வயிற்றில் தங்கியிருக்கிறது. யாரிடமும் மூச்சு விடாதே, கண் படும். சாப்பிட்டது எதுவும் நிற்பதில்லை. தொண்டைவரை எரிச்சல். நேற்று அவர் கடையிலிருந்து தான் தயாரிக்கிற மருந்தையே கொண்டுவந்து நீட்டினார். "ஒரு கரண்டி குடி, உடனே கேட்கும்" என்றார். வாயருகே கொண்டுபோனால் புட்டி லேபிளிலிருந்து நம் கத்தூன் அக்கா என்னையே பார்க்கிறாள். குடிக்க முடியவில்லை. கீழே வைத்துவிட்டேன்.

அக்கா, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். செத்துப்போன அக்காவைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருக்கிறது. காறித் துப்பு, பொறுத்துக்கொள்கிறேன். அவருக்கு முதல் பெண்டாட்டியாக அவள் இருந்த வீடு, அவள் படுத்த கட்டில், அவள் கம்மல், எல்லாவற்றுக்கும் பழகிவிட்டேன். ஆனால் இந்தப் புட்டி இருக்கிறதே, கடையில் அலமாரி அலமாரியாக அவள் முகம். பேரும் 'கத்தூன் மருந்து'. வயிற்று வலி, பொருமல், குளிர் காய்ச்சல், முறைக் காய்ச்சல் எது வந்தாலும் ஊர் முழுக்க அவள் பேரைத்தான் சொல்கிறது. அவர் காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக ஒரு துணியை எடுத்து ஒவ்வொரு புட்டியையும் துடைக்கிறார். என் முகத்தில் மாவு ஒட்டியிருந்தால்கூட அவருக்குத் தெரிவதில்லை.

நான் என்ன செய்யட்டும்? எழுது.

உன் தங்கை,
ஸல்ஹா


பாக்தாத்
4 நவம்பர் 1928

அன்புள்ள ஸல்ஹாவுக்கு,

உனக்குப் பதில் நானாகட்டும். நான் உயிரோடு இருக்கிறேன், அவ்வளவுதான் சுகம். நல்ல சேதி சொன்னாய், மனசு நிறைந்தது. காய்ந்த எலுமிச்சையை உடைத்துப் போட்டுக் கொதிக்க வைத்துக் குடி, குமட்டல் அடங்கும். ஊறுகாய்ப் பக்கம் போகாதே, மாங்காய் ஊறுகாய் என்றால் நீ ஜாடியோடு உட்கார்ந்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும்.

மற்றதற்கு வருகிறேன். செத்தவளுக்கு என்ன மிச்சம் இருக்கிறது? பிள்ளை இல்லை. கல்லறைக் கல்லில் உள்ள எழுத்தும் தேய்ந்திருக்கும். ஒரு காகிதத் துண்டில் முகம் இருந்துவிட்டுப் போகட்டுமே. உனக்கு ஆளே இருக்கிறார்.

அந்த முகத்தில்தான் என்ன குறை கண்டாய்? பார்த்தால் நம்பிக்கை வருகிற முகம். இங்கே ஷோர்ஜா கடைத்தெருவில் பம்பாய்ச் சரக்கு, லண்டன் சரக்கு என்று எத்தனையோ புட்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஆனாலும் ஜனங்கள் அதைத்தான் கைகாட்டுகிறார்கள். அதில் கை வைக்காதே. அத்தான் தொழில் தெரிந்தவர்.

அத்தானுக்கு என் விசாரிப்பைச் சொல். மறக்காமல் சொல்.

உன் அக்கா,
அஸீஸா


பஸ்ரா
20 நவம்பர் 1928

அன்புள்ள அக்காவுக்கு,

உன் நோவெல்லாம் எனக்கு வரட்டும். எலுமிச்சைத் தண்ணீர் குடித்தேன், கொஞ்சம் தேவலை. உன் விசாரிப்பைச் சொன்னேன், தலையை ஆட்டினார். நீ இன்னும் அவரை அத்தான் என்றே எழுதுகிறாய். அவர் இப்போது உனக்குத் தங்கை புருஷன், ஞாபகம் இருக்கட்டும். சும்மா சொன்னேன், கோபித்துக்கொள்ளாதே.

நீ சொன்னதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நேற்று என்ன நடந்தது கேள். அவருக்குச் சாப்பாடு கொண்டு கடைக்குப் போயிருந்தேன். சதுப்புப் பக்கத்திலிருந்து பாலாடை விற்க வருகிற எருமைக்காரி ஒருத்தி, இடுப்பில் காய்ச்சல் பிள்ளையோடு வந்தாள். எழுத்தா படிப்பா. "பொம்பளைப் புட்டி ஒண்ணு குடு" என்றாள். லேபிள் கிழிந்த ஒரு புட்டியை எடுத்துக் கொடுத்தார். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பொம்பள இல்லாத புட்டிய நான் என்னத்துக்கு வாங்கணும்? அவ பார்த்தாத்தான் எம் புள்ளைக்குக் காய்ச்சல் எறங்கும்" என்று சாதித்தாள். வேறு புட்டி கொடுத்தார்.

போகிறவள் சும்மா போனாளா? என்னைக் காட்டி, "இது யாரு?" என்று கேட்டாள்.

"வீட்டுக்காரி" என்றார்.

"அப்ப புட்டியில இருக்கிறவ?"

"அவளும் வீட்டுக்காரிதான்."

எப்படிச் சொன்னார் தெரியுமா, பேரீச்சம்பழம் என்ன விலை என்று கேட்டால் சொல்வதுபோல. என் காது வழியாக நெருப்பு போனது. அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் படகுக்குப் போனாள்.

பார்த்தால் நம்பிக்கை வருகிற முகமாம். நீயும் அப்படித்தான் எழுதுகிறாய். நன்றாக உற்றுப் பார்த்தாயா அந்த மூக்கை? கரண்டிக் காம்பு மாதிரி. கண் இரண்டும் தூங்கி வழிகிறது. எனக்கு விவரம் தெரியும் முன்னே கத்தூன் அக்கா கலியாணமாகிப் போய்விட்டாள், நேரில் எப்படி இருந்தாளோ. புட்டியில் இருக்கிறவளைப் பார்த்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

தீர்மானித்துவிட்டேன். இனி அந்த இடத்தில் என் படம். பிள்ளை பிறக்கும் முன்னே இது நடக்க வேண்டும். பிறக்கிற பிள்ளை கடைக்குப் போய், புட்டியில் வேறு யாரையோ பார்த்து அம்மா என்று கூப்பிடக் கூடாது.

உன் துக்க வருஷம் முடிந்ததும் நீ இங்கே வந்துவிடு அக்கா. பிரசவத்துக்கு நீதான் பக்கத்தில் இருக்க வேண்டும். எனக்கு வேறு யார்?

உன்,
ஸல்ஹா


பாக்தாத்
6 ஜனவரி 1929

ஸல்ஹாவுக்கு,

உனக்குப் பதில் நானாகட்டும். உன் கடிதம் வந்து நாளாயிற்று. கையில் வலி, எழுதவில்லை.

உன் முகம் சிரித்த முகம். கலியாண வீட்டுக்கு நன்றாக இருக்கும், மருந்துப் புட்டிக்கு ஆகாது. நோயாளி உன்னைப் பார்த்தால் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறாய் என்று நினைப்பான். அக்காவாக இருந்து சொல்கிறேன், பிறகு உன் இஷ்டம்.

துக்கம் முடியட்டும், வருகிறேன்.

அஸீஸா


பஸ்ரா
25 ஜனவரி 1929

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கைவலிக்குப் பதிலாக என் கை வலிக்கட்டும். கடுகெண்ணெய் காய்ச்சித் தடவு. பாக்தாதில் மழை என்று ரயிலில் வந்தவர்கள் சொன்னார்கள், மாடியில் ஒழுகுகிறதா?

ஜெயித்துவிட்டேன். எப்படி என்று கேள். முதலில் நல்லபடியாகக் கேட்டேன். "கடை வேற, வீடு வேற" என்றார். அழுதேன். "இந்த நேரத்தில அழக் கூடாது" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். சரி என்று வெள்ளிக்கிழமை வரட்டும் என்று இருந்தேன். யூத வீட்டில் சனிக்கிழமை அடுப்பு மூட்டக் கூடாதே, அன்றைக்கான கோழிச் சோற்றை முதல் நாள் இருட்டும் முன்னே அடுப்பில் ஏற்றியாக வேண்டும் இல்லையா? நான் கோழியைத் தொடவில்லை. அரிசியைக் களையவில்லை. கையைக் கட்டிக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவர் வானத்தைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், கோழியைப் பார்க்கிறார்.

"நாளைக்கு நாள் முழுக்கப் பட்டினியா?" என்றார்.

"படம் எடுக்கக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லுங்க. அடுப்பப் பத்த வைக்கிறேன்."

"பேர மாத்த மாட்டேன்."

"பேரு இருக்கட்டும். கத்தூன்னா சீமாட்டின்னுதானே அர்த்தம்? நானும் சீமாட்டிதான்."

சூரியன் இறங்க இருந்த நேரத்தில் ஒப்புக்கொண்டார். சோறு கொஞ்சம் அடி பிடித்துவிட்டது, இருந்தாலும் அதைப்போல ருசியாக நான் சாப்பிட்டதில்லை.

அர்மீனியன் கடையில் படம் எடுத்தோம். சிரிக்காதே சிரிக்காதே என்றான். எனக்கு அடக்க முடியவில்லை. லேபிளில் படம் அச்சடிக்கிற புது பிளாக் பம்பாயில் செய்து வருகிறது, அச்சு இங்கேயே. அடுத்த மாதம் உன் ஷோர்ஜா கடைத்தெருவில் நின்று நான் உன்னைப் பார்ப்பேன்.

உன்,
ஸல்ஹா


பாக்தாத்
3 மார்ச் 1929

ஸல்ஹாவுக்கு,

உனக்குப் பதில் நானாகட்டும். உடம்பு எப்படி இருக்கிறது? கால் வீங்குகிறதா? உப்பைக் குறை.

புதுப் புட்டியைப் பார்த்தேன். படம் தெளிவாக விழுந்திருக்கிறது. உன் பல்லெல்லாம் தெரிகிறது.

கடைக்காரனிடம் அதில் ஒரு புட்டி கேட்டேன். அவன் குரலைத் தாழ்த்தி, "அது வேண்டாம்மா, போலிச் சரக்கு. பஸ்ராவுல எவனோ கிளப்பி விட்டிருக்கான். அசல்ல இருக்கிறவ இப்படி இளிக்க மாட்டா" என்றான். பிறகு என் முகத்தை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே உள்ளே போய், பழைய புட்டி ஒன்றைத் தேடி எடுத்து வந்து கொடுத்தான். வாங்கிக்கொண்டு வந்தேன்.

நான் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. நான் முன்பே எழுதியிருந்தேன், நீ கேட்கவில்லை.

அத்தானுக்கு வருத்தமாக இருக்கும். ஆறுதலாக இரு.

அஸீஸா


பஸ்ரா
12 மார்ச் 1929

அன்புள்ள அக்காவுக்கு,

உன் நோவெல்லாம் எனக்கு வரட்டும், ஏற்கெனவே வந்த நோவோடு அதுவும் சேரட்டும். கால் வீக்கம் இருக்கிறது. உப்பைக் குறைத்தேன்.

நீ எழுதியது அப்படியே இங்கேயும் நடந்தது. படகு படகாகப் புட்டிகள் திரும்பி வந்தன. அமாராவிலிருந்து, கூர்னாவிலிருந்து, எங்கும் ஒரே பேச்சு. பொம்பளை மாறிவிட்டாள், மருந்து போலி. உள்ளே அதே சதகுப்பை, அதே புதினா, அதே கொய்னா. யார் கேட்கிறார்கள்?

அந்த எருமைக்காரி மறுபடி வந்தாள். புட்டியைக் கல்லா மேசையில் வைத்து, "எம் புள்ளைக்குக் காய்ச்சல் ஏறிப் போச்சு, எவளோ பல்லக் காட்டுற புட்டியத் தலையில கட்டிட்டான் தரகன்" என்று சத்தம் போட்டாள். நான் உள்ளே நின்றிருந்தேன். என்னைப் பார்த்தாள், புட்டியைப் பார்த்தாள். "அடி பாவி, போலிச் சரக்கு போடுறவ அசல் கடைக்குள்ளயே வந்து நிக்கிறா பாருங்க" என்று கூட்டத்தைக் கூட்டிவிட்டாள். அக்கா, வயிற்றில் பிள்ளையோடு, என் புருஷன் கடையில், நான் திருடி. அவர் வாயைத் திறந்து இவள் என் பெண்டாட்டி என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். மூலையிலிருந்து ஒரு பழைய புட்டியை எடுத்து அவளிடம் கொடுத்து அனுப்பினார், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம், "பழைய பிளாக்க எடு, திரும்ப அடிச்சிடலாம்" என்றார். அதுதான் இல்லையே. புது லேபிள் வந்த அன்றே அதை நான் அஷார் ஓடையில் போட்டுவிட்டேன். மரக்கட்டையில் தகடு அடித்தது, மிதந்துவிடப் போகிறது என்று பயந்து கல்லைக் கட்டிப் போட்டேன். சொன்னேன். அடிப்பார், கத்துவார் என்று நினைத்தேன். உட்கார்ந்துவிட்டார். படம் ஏதும் வேறு இருக்கிறதா என்று கேட்டேன். ஒரே படம்தான், பம்பாய்க்குப் போனது திரும்பவில்லை என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, "உங்க அக்கா எப்ப வர்றா?" என்றார். அடுத்த மாதம் என்றேன். "சீக்கிரமா வரச் சொல்லி எழுது. அவ வந்தா எல்லாம் சரியாயிடும்" என்றார். பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு நன்றாகச் சாப்பிட்டார்.

இத்தனை நடந்தும் என் பிரசவத்தைப் பற்றி யோசிக்கிறார் பார். எனக்கு அழுகையாக வந்தது. நீ சீக்கிரம் வா அக்கா.

உன்,
ஸல்ஹா


பாக்தாத்
17 மார்ச் 1929

என் ஸல்ஹாவுக்கு,

உனக்குப் பதில் நானாகட்டும். எனக்கு நல்ல சுகம். கை வலி போய்விட்டது. இரண்டு நாளாக நன்றாகச் சாப்பிடுகிறேன்.

கல்லைக் கட்டி ஓடையில் போட்டாயே, அது என் முகம்.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அத்தானே கூப்பிட்ட பிறகு என்ன மறைப்பது? புட்டிக்குப் படம் எடுத்த வருஷம் கத்தூனுக்குத் துணையாக நான் பஸ்ராவில் இருந்தேன். உனக்கு அப்போது விளையாட்டு வயசு. கத்தூன் காய்ச்சலில் மஞ்சள் பூத்துக் கிடந்தாள். அத்தானின் மருந்து அவள் வயிற்றில் நிற்கவே இல்லை. காய்ச்சல் மருந்தில் காய்ச்சல்காரி படத்தை எப்படிப் போடுவது என்று அவர் கையைப் பிசைந்தார். கத்தூன்தான் சொன்னாள், "எனக்குப் பதிலா நீ போய் உட்காருடி, நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே மூக்குதானே" என்று. அவள் உடுப்பைப் போட்டுக்கொண்டேன், கூடப் பிறந்த நீயே அடையாளம் காணாத அளவுக்கு. கம்மலை அவளே என் காதில் மாட்டிவிட்டாள். அத்தான் கூட வந்தார். படம் எடுக்கிறவன் என்னைக் கத்தூன் அம்மா, கத்தூன் அம்மா என்றே கூப்பிட்டான். நானும் திருத்தவில்லை, அவரும் திருத்தவில்லை.

பிறகு அப்பா என்னை ஹெஸ்கேலுக்குக் கொடுத்தார். கலியாணப் புதுசு கலையும் முன்னே கத்தூன் போய்விட்டாள். கையில் மிச்சம் இருந்தவள் நீ. அத்தானுக்கு உன்னைக் கொடுத்தார்கள். சந்தோஷம் என்று உனக்கு எழுதினேன். அதை எழுத எனக்கு எத்தனை காகிதம் கிழிந்தது என்று உனக்குத் தெரியாது.

இத்தனை வருஷமும் எனக்கு வயிறு எரிந்தது ஸல்ஹா. நீ அவர் குளிருக்குக் கம்பளி போர்த்தியதை எழுதுவாய், அவருக்குப் பிடித்த கொழுக்கட்டையை எழுதுவாய். நான் கடைத்தெருவுக்குப் போய் அந்தப் புட்டியைப் பார்த்துவிட்டு வருவேன். இவ்வளவாவது எனக்கு இருக்கிறது என்று நினைப்பேன். அதையும் நீ கேட்டாய். கரண்டிக் காம்பு என்று எழுதினாய், ஒரு மாதம் நான் கண்ணாடி பார்க்கவில்லை. அவர் தினம் துடைக்கிறார் என்று எழுதினாய், அந்தக் கடிதத்தை மட்டும் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

போகட்டும். நீ சின்னவள், உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. துக்கம் இந்த மாதத்தோடு முடிகிறது. ஏப்ரல் எட்டாம் தேதி ரயில் ஏறுகிறேன். வந்து இறங்கியதும் அந்த அர்மீனியனிடம் போய் உட்கார்ந்துவிடலாம், வியாபாரமும் நிமிரும். உன் பிரசவமும் பார்க்கிறேன், எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கிறேன். எனக்கு இங்கே யார் இருக்கிறார்கள்?

கத்தூனின் கம்மல் உன்னிடம்தானே இருக்கிறது? துடைத்து எடுத்து வை.

உன் அக்கா,
அஸீஸா


பஸ்ரா
27 மார்ச் 1929

அஸீஸாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருக்கக் கடவுள் துணை.

நீ வர வேண்டாம். பஸ்கா பண்டிகைக்கு முன்னே வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், தங்க இடம் இருக்காது. பிரசவத்துக்கு ஒரு நர்ஸைப் பேசிவிட்டேன், கைராசிக்காரி என்கிறார்கள். வயசானவள்.

கம்மலை நான் போட்டிருக்கிறேன். காது கனக்கிறது, கழற்றுவதாக இல்லை.

இத்தனை நாள் செத்தவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அது சுகமான எரிச்சல் என்று உன் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது. அவள் ரயில் ஏறி வர மாட்டாள். முற்றத்தில் உட்கார்ந்து அவருக்குத் தேநீர் ஊற்ற மாட்டாள். இப்போது அவர் துணியை எடுத்துப் புட்டியைத் துடைத்தது ஓயாமல் நினைவுக்கு வருகிறது. துடைத்தது யாரை? அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் சொல்வார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் பிள்ளை பெற முடியாது.

இனி லேபிளில் எருமைப் படம் போடச் சொல்லியிருக்கிறேன். எருமைக்காரிகளுக்குப் பிடிக்கும், எனக்கும் எருமைமேல் பொறாமை வராது. அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நான் மறுபடியும் கோழியைத் தொடாமல் உட்காருவேன், இந்தத் தடவை எத்தனை வெள்ளிக்கிழமை ஆனாலும் சரி.

நீ வரும் தேதியைத் தினம் கேட்கிறார். உனக்குக் கடும் காய்ச்சல், பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று சொல்லியிருக்கிறேன். அவர் எழுதிக் கேட்டால் நீயும் அப்படியே எழுது. எழுதுவாய், நான் உன் தங்கை.

கேட்டதும் ஆள் வாடிப் போய்விட்டார். கடையெல்லாம் தேடிப் பழைய லேபிள் ஒட்டின புட்டி ஒன்றைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். "கடைசிப் புட்டி. வேற யாருக்கும் குடுக்க மாட்டேன், உங்க அக்காவுக்கு அனுப்பு" என்றார். தானே வைக்கோல் சுற்றினார்.

அவர் தூங்கியதும் பிரித்து, லேபிளை வெந்நீரில் ஊறவைத்து உரித்துவிட்டேன். புட்டி இத்துடன் வருகிறது. உள்ளே அதே மருந்துதான். வேளைக்கு ஒரு கரண்டி குடி.

ஸல்ஹா